சிறுகச் சிறுகச் சேர்த்த இல்லத் திரையரங்கு



சென்ற பள்ளி விடுமுறையின்போது என் இல்லத்திற்கு வந்திருந்த சக ஆசிரியர் ஒருவர், வரவேற்பறையில் இருந்த ஒலி அமைப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஆயிற்று, சார்?" என்று கேட்டார்.

"2,700 ரிங்கிட், ஐந்து ஆண்டுகள்" என்றேன்.

"ஐந்து ஆண்டுத் தவணையா?"

"இல்லை, ஐந்து ஆண்டுச் சேமிப்பு."

அவர் நம்பவில்லை. அந்தக் கதையை முழுமையாகச் சொன்னபோது, இதை அவசியம் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். அதிலும் கதையின் நடுவே வரும் ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அறிய வேண்டும் என்றார். ஆகவே எழுதுகிறேன்.

ஒரே நாளில் வாங்கியது

2013-ஆம் ஆண்டு அம்மா காலமான பிறகு, அப்பா தோட்டத்து வீட்டைவிட்டு எங்களுடன் வந்து தங்கினார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு படம் பார்ப்பதுதான். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியைக் கட்டி, மாதம் ஒரு முறை படம் காட்டிய காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. 'பராசக்தி' (1952) படத்தின் நீதிமன்றக் காட்சி வசனத்தை இன்றும் ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிப்பார். "நாங்கள் படம் பார்க்கப் போகவில்லை, வசனம் கேட்கப் போனோம்" என்பார்.

எங்கள் வீட்டில் அவர் தொலைக்காட்சியை வைக்கும் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. அவ்வாண்டு என் மகள் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுத வேண்டியவள். "தாத்தா, கொஞ்சம் குறைங்க" என்பாள். அவர் குறைப்பார், பத்து நிமிடத்தில் மறுபடியும் ஏறிவிடும். ஒரு நாள் நானே கடிந்துகொண்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தில் இருக்கும் சின்னஞ்சிறு ஒலிபெருக்கிகள்தாம் குற்றவாளி என்று முடிவு செய்தேன். ஆண்டிறுதி மலிவு விற்பனையில், ஒரே பெட்டிக்குள் எல்லாம் அடங்கிய 'ஹோம் தியேட்டர்' ஒன்றை 799 ரிங்கிட் கொடுத்து வாங்கி வந்தேன். பெட்டியின் மேல் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கடையில் ஹெலிகாப்டர் பறந்தபோது உடல் சிலிர்த்தது. வீட்டில் இடியும் அடிதடியும் அதிர்ந்தனவே தவிர, வசனம் முன்னைவிட மோசமாகிவிட்டது. அப்பா இன்னும் சத்தத்தைக் கூட்டினார். இப்போது சன்னல் கண்ணாடியும் சேர்ந்து அதிர்ந்தது!

காரணம் பின்னர்தான் விளங்கியது. அத்தகைய பெட்டிகளில் உள்ள சிறு ஒலிபெருக்கிகள் உள்ளங்கை அளவே இருக்கும். மனிதக் குரலின் கீழ்ப்பகுதியை அவற்றால் எழுப்ப இயலாது. அந்தப் பகுதியையும் மூலையில் கிடக்கும் சப்-ஊஃபரே சுமக்க வேண்டியிருக்கிறது. குரலின் ஒரு பாதி இங்கிருந்தும் மறு பாதி அங்கிருந்தும் வந்தால், சொல் எப்படித் தெளிவாக இருக்கும்? வாட் எண்ணும் அப்படித்தான். ஆற்றலை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. நம் செவிக்கு இரு மடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். வீட்டு வரவேற்பறையில் பேச்சைக் கேட்பதற்கு ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் ஓரிரு வாட்டே பெரும்பாலும் போதும்.

அப்பெட்டியை 250 ரிங்கிட்டுக்கு விற்றேன். நட்டம் 549 ரிங்கிட். அந்தப் பணத்தை ஒரு மைலோ டின்னில் போட்டு, 2014 சனவரி முதல் மாதந்தோறும் 40 ரிங்கிட் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். டின்னில் பணம் இருந்தால் மட்டுமே அடுத்த பொருள். கடன் அட்டை கூடாது, தவணை கூடாது.

முதலில் ரிசீவர்

5.1 என்று சொல்லப்படும் அமைப்பில் முன்னால் இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கிகள். பக்கவாட்டில் சற்றே பின்னால் இரண்டு. தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்-ஊஃபர். இவற்றையெல்லாம் இயக்கும் மூளை ரிசீவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை என்பதுதான் இதன் நன்மை. இரண்டு ஒலிபெருக்கிகளை மட்டும் இணைத்துவிட்டு, 'மற்றவை இல்லை' என்று அதற்குச் சொல்லிவிட்டால், நடு ஒலிபெருக்கிக்குப் போக வேண்டிய வசனத்தையும் அந்த இரண்டுக்கே பிரித்து அனுப்பிவிடும்.

2014 சூன் மாதம், புதிதாக வேறொன்று வாங்கிய ஒருவரிடமிருந்து பழைய ரிசீவர் ஒன்றை 400 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். புதிய படத் தரங்கள் வரும்போது வசதி படைத்தவர்கள் ரிசீவரை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். ஆகிய ஒலி முறைகளைப் பிரித்துத் தரும் திறன் பழையதிலும் அப்படியேதான் இருக்கிறது. வாங்குமுன் ஒவ்வொரு வழியிலும் ஒலி வருகிறதா, ஒலி அளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு உண்டா என்று அங்கேயே கேட்டுப் பார்க்க வேண்டும். கம்பியும் முனைகளும் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் 90 ரிங்கிட்டுக்குக் கிடைத்தன. டின் காலியாகிவிட்டது.

ஒலிபெருக்கிக்கு? நண்பர் ஒருவர் பரணில் கிடந்த ஒரு சோடியை இரவலாகத் தந்தார். மூன்றாம் நாளே அவை கரகரத்தன. கூம்பைச் சுற்றியிருந்த நுரைப்பட்டை நம் நாட்டு வெக்கையிலும் ஈரத்திலும் பொடிப்பொடியாகியிருந்தது. பழைய ஒலிபெருக்கி வாங்குவோர் முகப்புத் துணியைக் கழற்றி, அந்தப் பட்டையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்ப்பது நல்லது. ரப்பர் பட்டையாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். ரப்பர் நம்மை என்றைக்குக் கைவிட்டது!

2015 செப்டம்பரில் 550 ரிங்கிட்டுக்குப் புதிய சோடி ஒன்று வந்தது. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று கம்பியைப் பிழையின்றி இணைத்து, காதின் உயரத்தில் வைத்து, ஒரு பழைய பாடலை ஒலிக்கவிட்டேன். பாடகர் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று பாடினார். வீட்டார் அனைவரும் சற்று நேரம் பேசவில்லை.

அவ்வாண்டு நவம்பர் மாத மழையில் இடி விழுந்து, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கருகியது. மறுநாளே 60 ரிங்கிட் கொடுத்து மின்னல் காப்புடைய இணைப்புப் பலகை வாங்கினேன். ஆனாலும் வானம் இருண்டால் எல்லா முளைகளையும், வானலைக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவதே உறுதியான காப்பு.

மனைவி சொன்னது

அப்பாவுக்கு இன்னமும் வசனம் புரியவில்லை. எங்களுடையது தரைவீடு. தளம் முழுதும் பளிங்குக் கல். நான்கு பக்கமும் வெறும் சுவர். "கோயில் மண்டபத்தில் பேசுவது போலல்லவா இருக்கிறது! கம்பளம் போட்டால் என்ன?" என்று என் மனைவி முதல் ஆண்டிலேயே கேட்டிருந்தார். கருவி வாங்கும் வேகத்தில் அது என் காதில் ஏறவில்லை.

வரவேற்பறையின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். 'டங்' என்று ஒரு வால் நீண்டு ஒலித்தால், ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலைமேல் விழுகிறது என்று பொருள். 2016 அக்டோபரில் கம்பளத்துக்கு 180 ரிங்கிட், கனத்த திரைச்சீலைக்கு 240 ரிங்கிட் செலவழித்தேன். புத்தக அலமாரியைப் பின்சுவருக்கு மாற்றினோம். அதற்குச் செலவே இல்லை. அதுவரை வாங்கிய எந்தக் கருவியும் தராத தெளிவு கிடைத்தது. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். மனைவியிடம் ஒப்புக்கொண்டேன்.

உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை

ஒரு நாள் வெளியே கிளம்பும்போது அப்பாவிடம், "சாவி எங்கேப்பா?" என்று கேட்டேன்.

"காவியா? யாருப்பா கட்டினது?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் தமிழாசிரியனாகிய எனக்கு அச்சொல் மனத்தில் தங்கிவிட்டது. சாவி, காவி. உயிரொலிகள் இரண்டும் பிழையின்றிக் கேட்டிருக்கின்றன. முதல் மெய் மட்டும் மாறியிருக்கிறது.

2017 தொடக்கத்தில் அவரை அரசு மருத்துவமனைக்குச் செவிப்புலன் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். பரிசோதித்தவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இடப்பக்கம், தாழ்ந்த ஒலிகளில், கோடு ஓரளவு சமமாக இருந்தது. வலப்பக்கம் போகப் போக மலைச்சரிவுபோல் இறங்கியது. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுகளையே என்று விளக்கினார். உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. சகரம் போன்ற மெய்யொலிகளின் அடையாளமோ 2,000 ஹெர்ட்சுக்கு மேலே, மெலிந்தும் குறுகியும் இருக்கிறது. எனவே பேசுவது அவருக்குக் கேட்கும். பேசப்படுவது என்ன என்று தெரியாது. அவர் சத்தத்தைக் கூட்டியபோதெல்லாம் உயிர்தான் பெருத்தது. மெய் அப்படியே மறைந்து கிடந்தது.

"அப்படியானால் பழைய படங்கள் மட்டும் எப்படிப் புரிகின்றன?" என்று கேட்டேன். அவை அவருக்கு மனப்பாடம் ஆயிற்றே என்றார் அவர். தெரிந்ததைக் கேட்கும்போது விடுபட்ட ஒலிகளை நினைவே நிரப்பிவிடுகிறது. அதனால்தான் குறை இருப்பது பிறருக்கு மட்டுமன்றி, அவருக்கே தெரியவில்லை. நான்கு ஆண்டுகளாக நான் அவரைப் பிடிவாதக்காரர் என்று எண்ணியிருந்தேன்.

அப்பாவுக்குச் செவிக்கருவி பொருத்தினார்கள். அதன் இடத்தை எந்த ஒலிபெருக்கியும் நிரப்பாது என்பதைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயினும் வீட்டில் நான் செய்யக்கூடியதும் ஒன்று இருந்தது. படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியின் வழியாகவே வருகிறது. இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும் இருந்தபோது, நடுவில் அமர்ந்தவருக்குத்தான் குரல் திரையிலிருந்து வருவது போலிருந்தது. அப்பாவின் நாற்காலியோ கதவோரம். 2017 மே மாதம், ஒருவர் பயன்படுத்திய நடு ஒலிபெருக்கியை 280 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். தொலைக்காட்சிக்குக் கீழே வைத்து, முன்புறத்தைச் சற்று உயர்த்தி, அமர்ந்திருப்பவரின் காதை நோக்கித் திருப்பினேன். ரிசீவரில் அந்த ஒன்றை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். வெடிச்சத்தத்தையும் முணுமுணுப்பையும் அருகருகே கொண்டுவரும் 'இரவு' அமைப்பையும் இயக்கினேன். பழைய ஒற்றைத்தட ஒலிப் படங்களை டால்பி புரோ லாஜிக் முறையில் வைத்தால், ஒலி முழுதும் நடுவிலிருந்தே வரும். அன்று அப்பா, அதுவரை பார்த்திராத ஒரு புதிய படத்தை இறுதிவரை பார்த்தார். இடையில் யாரிடமும் "என்ன சொன்னான்?" என்று கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டு வகுப்பில்

சூலை மாதம். மூன்றாம் ஆண்டு மாணவர்களின் சொல்வதெழுதுதல் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ரகர றகரக் குழப்பம், லகர ளகர ழகரக் குழப்பம் ஆகியவை எல்லா ஏட்டிலும் உண்டு. அவை நமக்குப் பழகிப்போனவை. ஒருவனுடைய ஏட்டில் மட்டும் பிழைகள் வேறு மாதிரியாக இருந்தன. 'சட்டை' என்று நான் சொன்னதைத் 'தட்டை' என்று எழுதியிருந்தான். 'கட்டம்' என்றதைப் 'பட்டம்' என்று எழுதியிருந்தான்.

சிவப்பு மைப்பேனா கையில் அப்படியே நின்றுவிட்டது. சாவி, காவி.

முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். சனவரி முதல், பக்கத்துக்குப் பக்கம் 'கவனக்குறைவு', 'கவனம் தேவை' என்று நானே எழுதியிருந்தேன். ஒரு பக்கத்தில் 'வகுப்பில் பகற்கனவு வேண்டாம்' என்றும் இருந்தது. பாடநூலில் உள்ள பகுதியைக் கேட்டால் அவன் நன்றாகவே பதில் சொல்வான். ஆகையால் அவனைக் கெட்டிக்காரன், ஆனால் சோம்பேறி என்று கணித்திருந்தேன். ஏற்கெனவே படித்ததில் விடுபட்ட ஒலிகளை நினைவு நிரப்பியது. முன்பின் கேட்டிராத சொற்களில் அது கைகொடுக்கவில்லை. உயரமானவன் என்பதால் கடைசி வரிசையில், பழைய மின்விசிறிக்கு நேர் கீழே அமர்த்தியிருந்தேன். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசும்போதெல்லாம் அவன் அடுத்த மாணவனின் ஏட்டை எட்டிப் பார்ப்பான். அதற்காகவும் கண்டித்திருக்கிறேன்.

மறுநாள் அவனை முன்வரிசைக்கு மாற்றினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துப் பத்துச் சொற்களைச் சொன்னேன். ஒன்பதைச் சரியாக எழுதினான்.

அவனுடைய தாயாரை அழைத்துப் பேசினேன். "வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருப்பான், சார். நான்கூட அடித்திருக்கிறேன்" என்று கண் கலங்கினார். மருத்துவமனையில் பார்த்தபோது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது தெரிய வந்தது. சளி பிடித்த குழந்தைகளுக்குப் பரவலாக வரக்கூடிய ஒன்றுதானாம். வலி இல்லாமலும் இருக்கலாம். அதனால் பலரும் கவனிப்பதில்லை. அப்பாவின் குறை மீளாதது. இவனுடைய குறை சிகிச்சையால் சில மாதங்களில் நீங்கியது.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, சார்" என்றான். ஒன்பது வயதுப் பிள்ளை வேறென்ன சொல்லும்? ஏட்டில் நான் எழுதியவற்றை என்னால் அழிக்க முடியவில்லை. சிவப்பு மை அழியாது.

எஞ்சியவை

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் 700 ரிங்கிட்டுக்குச் சப்-ஊஃபர் வந்தது. அதற்கு இடம் தேட ஓர் எளிய வழி உண்டு. நாம் அமரும் நாற்காலியில் அதை வைத்து ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்ல வேண்டும். எங்கே தாழ்ந்த ஒலி சீராகக் கேட்கிறதோ, அங்கே அதை வைக்கலாம். நான் தவழ்ந்ததைப் பார்த்து வீடே சிரித்தது! ரிசீவரில் பிரிப்பு எல்லையை 80 ஹெர்ட்சில் வைத்தேன். அதற்குக் கீழான ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைச் செவியால் எளிதில் அறிய முடியாது. எனவே குரல் மறுபடியும் மூலைக்கு ஓடிவிடாது.

2019 ஏப்ரலில் பக்கவாட்டு ஒலிபெருக்கிகள் இரண்டு, பழையவை, 200 ரிங்கிட். அமர்ந்திருப்பவரின் தோளுக்குச் சற்றுப் பின்னால், காதுக்கு மேலே மாட்டினேன். நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்று அளந்து ரிசீவருக்குச் சொல்ல வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகும். அந்த வேறுபாட்டை அதுவே சரிசெய்துகொள்ளும்.

அன்று மாலை 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தைப் போட்டேன். ஒலிப்பதிவுக்காக எச். ஸ்ரீதரும் ஏ.எஸ். லட்சுமி நாராயணனும் தேசிய விருது பெற்ற படம் அது. இறுதிக் காட்சியில் மழை எங்கள் வீட்டுக் கூரையிலேயே பெய்தது. அந்த மழைக்கு நடுவே, சிறுமி தன் தாயிடம் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் சொல் சிதையாமல் வந்தது.

கதவோரம் அமர்ந்திருந்த அப்பா திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் சத்தத்தைக் குறைப்பா. நல்லாத்தான் கேக்குது" என்றார்.

கணக்கு

ரிசீவர் 400, கம்பி 90, முன் ஒலிபெருக்கிகள் 550, மின்னல் காப்பு 60, கம்பளமும் திரைச்சீலையும் 420, நடு ஒலிபெருக்கி 280, சப்-ஊஃபர் 700, பக்கவாட்டு ஒலிபெருக்கிகள் 200. ஆக மொத்தம் 2,700 ரிங்கிட். டின்னில் 110 ரிங்கிட் மிச்சம் இருந்தது.

இன்று தொடங்குவோருக்கு நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் அறையைச் சரிசெய்யுங்கள். அடுத்து ரிசீவரும் முன் சோடியும். பிறகு நடு ஒலிபெருக்கி. சப்-ஊஃபரும் பக்கவாட்டு ஒலிபெருக்கிகளும் காத்திருக்கலாம். ஒன்றை வாங்கியபின், அடுத்ததற்கான பணம் சேரும்வரை இருப்பதையே கேட்டுப் பழகுங்கள். எது குறைகிறது என்பதை அந்த மாதங்கள்தாம் சொல்லும். ஒரே நாளில் வாங்கிய பெட்டி எனக்கு எதையும் சொல்லவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கடிந்துகொள்ளுமுன் ஒரு முறை காதைப் பரிசோதித்துவிடுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. சொல்வதெழுதுதலில் உயிர் சரியாகவும் மெய் மட்டும் தவறாகவும் வந்தால், 'கவனக்குறைவு' என்று எழுதுமுன் அம்மாணவனை முன்வரிசைக்கு அழைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்.

மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்